1930 நம்பர்ல சொன்னோம், காசு ஹோல்டும் ஆயிருச்சு... இப்ப அதை யார்கிட்ட போய் கேக்குறது?

மதுரைக்காரன்82

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கங்க.

எங்க பெரியப்பா ரிட்டயர்டு வாத்தியார், 71 வயசு. போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை காலைல வாட்ஸ்ஆப்ல வீடியோ கால். காக்கிச் சட்டை போட்டு ஒருத்தன், பின்னாடி கொடி, மேஜை மேல ஃபைலு. உங்க ஆதார் நம்பர்ல ஒரு பார்சல் போயிருக்கு, அதுல போதை மாத்திரை, நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க, போனைக் கட் பண்ணா அடுத்த நிமிசம் வீட்டு வாசல்ல ஜீப்பு வரும்னு. மனுசன் போனை சட்டைப் பாக்கெட்டுல கேமரா வெளிய தெரியுற மாதிரி வச்சுக்கிட்டே பேங்குக்குப் போயி ஆர்டிஜிஎஸ் ஃபாரம் எழுதிக் குடுத்திருக்காரு. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு "எதுக்கு சார் இவ்ளோ"ன்னு கேட்டிருக்கு, பாக்கெட்டுக்குள்ள இருந்தவன் சொல்லிக் குடுத்தபடி "பேத்தி காலேஜ் பீஸும்மா"ன்னு சொல்லிருக்காரு. பெரியப்பாவுக்கு பேத்தியே கிடையாது, ரெண்டும் பேரன்.

ரெண்டு தவணையா 4,80,000 போச்சு. சாயந்தரம் நாலரைக்கு நான் எதேச்சையா போன் பண்ணப்பதான் குரல் சரியில்லைன்னு தெரிஞ்சுது. உடனே 1930க்கு அடிச்சோம், சைபர் மோசடிப் புகார் நம்பர். லைன் கிடைக்க கொஞ்ச நேரம் ஆச்சு, ஆனா எடுத்த போலீஸ்காரம்மா நல்லாவே பேசுனாங்க. ராத்திரிக்குள்ள 1,37,400 ஹோல்ட் ஆயிருச்சு, ரெண்டு வேற வேற பேங்க்ல, ரெண்டு வேற வேற ஸ்டேட்ல.

இப்ப பிரச்சன என்னன்னா, அந்தக் காசு அங்கயே நிக்குது. பேங்க்ல கேட்டா போலீஸ் லெட்டர் வேணும்ங்கிறான். ஸ்டேஷன்ல கேட்டா கோர்ட் ஆர்டர் வேணும்ங்கிறாங்க. டெல்லில இதுக்குன்னே ஐ4சின்னு ஒண்ணு, இந்திய சைபர் கிரைம் ஒருங்கிணைப்பு மையம்னு, உள்துறைக்குக் கீழ வச்சிருக்காங்கல்ல? எல்லா ஸ்டேட் போலீசும் எல்லா பேங்கும் அவங்க கைல தான இருக்கு, அவங்க ஒரு பட்டனைத் தட்டுனா காசு திரும்ப வந்துராதா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராயபுரம்_ரவி

பட்டனா 😂 பாஸ் கவர்மென்ட்ல ஒருங்கிணைப்புன்னு பேர் இருந்தாலே மீட்டிங் போட்டு சமோசா சாப்புடுறதுன்னு அர்த்தம். பெரியப்பாவை நெனச்சா கஷ்டமா இருக்கு, ஆனா காசை மறந்துருங்க.

கணக்குப்பிள்ளை

//காசை மறந்துருங்க//

ரவி, தெரியாம பேசாதீங்க. நான் பேங்க்ல கடைசி மூணு வருசம் இந்த ஃப்ராட் டெஸ்க்ல உக்காந்து தான் ரிட்டயர் ஆனேன் (பேங்க் பேரு வேணாம்). மதுரைக்காரரே, அன்னிக்கு ராத்திரி உள்ள என்ன நடந்துருக்கும்னு சொல்றேன்.

1930 ஒரே நம்பர்னாலும் நீங்க தமிழ்நாட்டுலேர்ந்து அடிச்சா எடுக்கிறது நம்ம மாநில சைபர் போலீஸ்தான், டெல்லி இல்ல. அவங்க யூடிஆர் நம்பர் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் பேங்க் குடுக்கிற நம்பர்), தொகை, நேரம் எல்லாம் கேட்டு ஒரு சாஃப்ட்வேர்ல ஏத்துவாங்க. அந்த சாஃப்ட்வேர்தான் ஐ4சியோடது, 2021 ஏப்ரல்ல வந்தது, பேரு சி.எஃப்.சி.எஃப்.ஆர்.எம்.எஸ்., ரிட்டயர் ஆகுற வரைக்கும் நான் ஒரு தடவை கூட அதைத் திக்காம சொன்னதில்ல. ஏத்துன உடனே உங்க பெரியப்பா பேங்குக்கும், காசு போய் விழுந்த பேங்குக்கும் டிக்கெட் ஒண்ணு ஸ்க்ரீன்ல வந்து நிக்கும். காசு அந்த அக்கவுண்ட்ல இன்னும் இருந்தா நாங்க லீன் போடுவோம், அதாவது அக்கவுண்ட்காரன் அதை எடுக்க முடியாது. போயிருச்சுன்னா எந்த பேங்குக்கு எந்த யூடிஆர்ல போச்சுன்னு நாங்க ஃபில் பண்ணணும், டிக்கெட் அடுத்த பேங்கோட ஸ்க்ரீனுக்குப் போயிரும். அங்கயும் இல்லன்னா அடுத்தது. இதைத்தான் லேயர் ஒண்ணு லேயர் ரெண்டுன்னு சொல்றது. ஒரு தடவை ஒரு டிக்கெட் எங்ககிட்ட வந்தப்ப ஏழாவது லேயர். மொத லேயர்ல 9 லட்சம், எங்ககிட்ட வரும்போது 3,200 ரூவா. அதுக்கும் லீன் போட்டோம்.

அவனுங்க காசை இருபது நிமிசத்துல பத்து அக்கவுண்ட்டுக்குப் பிரிப்பானுங்க, எங்கயாச்சும் ஏடிஎம்ல ஒருத்தன் கார்டோட காத்துக்கிட்டு இருப்பான், மிச்சம் கிரிப்டோவா மாறி வெளிய போயிரும். இது ஓட்டப்பந்தயம், போலீஸ் கம்ப்ளெயின்ட் மாதிரி இல்ல. சாயந்தரம் நாலரைக்கு மேல அடிச்சும் 1,37,400 மாட்டுச்சுன்னா உங்க பெரியப்பாவுக்கு கொஞ்சம் அதிர்ஷ்டம்தான்.

2024 செப்டம்பர்லேர்ந்து டெல்லில சி.எஃப்.எம்.சி.ன்னு ஒரு ஹால்ல பேங்க்காரங்க, பேமென்ட் ஆப்காரங்க, டெலிகாம்காரங்க, போலீஸ் எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ உக்கார வச்சிருக்காங்க. முன்னாடி மெயில் அனுப்பி காத்திருந்ததை இப்ப பக்கத்து சீட்டுல திரும்பிக் கேக்கலாம். சின்ன விசயமா தெரியும், அந்தத் தொழில்ல இருந்தவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

பழைய_ஏட்டு

அருமைன்னா சாதாரண அருமை இல்ல சார். நான் ஒரு தென்மாவட்டத்துல கிரைம் டீம்ல இருந்தவன். 2015, 2016ல இந்த மாதிரி ஒரு ஓடிபி கேஸ்னா என்ன பண்ணுவோம் தெரியுமா? பேங்க் மேனேஜருக்கு லெட்டர் டைப் பண்ணி தபால்ல போடுவோம். அந்த மேனேஜர் ரீஜினல் ஆபீசுக்கு அனுப்புவார். ஸ்டேட்மென்ட் வந்து சேர ஒண்ணரை மாசம். அதுல பாத்தா காசு வேற பேங்குக்குப் போயிருக்கும், மறுபடி லெட்டர். அக்யூஸ்டு அட்ரஸ் ஜார்கண்ட்னு தெரிஞ்சா எஸ்.பி. ஆபீஸ்ல பெர்மிசன், பாஸ்போர்ட்டு (போலீஸ்ல வெளியூர் டூட்டிக்குக் குடுக்கிற பேப்பருப்பா, ஃபாரின் போறதுக்கு இல்ல), ரெண்டு பேரு அன்ரிசர்வ்டுல மூணு நாள் பயணம். போய் இறங்கினா லோக்கல் ஸ்டேஷன்ல நம்மள ஏற எறங்கப் பாப்பான். பாஷை தெரியாது. நாம ஸ்டேஷனை விட்டு வெளிய வர்றதுக்குள்ள தகவல் அந்த ஊருக்குப் போயிருக்கும், ஊர்ல ஒரு ஆம்பள இருக்க மாட்டான்.

இப்ப ஐ4சில பிரதிபிம்ப்னு ஒரு மேப் வச்சிருக்கான். எந்த செல் நம்பர்ல கம்ப்ளெயின்ட் இருக்கோ அது இப்ப எந்த ஊர்ல ஓடிக்கிட்டிருக்குன்னு அந்த ஊர் போலீசுக்கே தெரியும். ஒரே நம்பர் மேல பத்து ஸ்டேட்ல கேஸ் இருந்தா சமன்வயாங்கிற போர்ட்டல்ல எல்லாருக்கும் தெரியும். மேவாத், ஜாம்தாரா, அகமதாபாத், ஐதராபாத், சண்டிகர், விசாகப்பட்டினம், கவுகாத்தின்னு ஏழு இடத்துல கூட்டு டீம் போட்டிருக்கான், பக்கத்து பக்கத்து ஸ்டேட் போலீஸ் சேந்து உக்காந்து பேசுறதுக்குன்னே. எங்க காலத்துல இது இருந்திருந்தா எனக்கு ரெண்டு தடவை மஞ்சக்காமாலை வந்திருக்காது.

ஆனா தம்பி கேட்ட கேள்விக்கு பதில்: பட்டன் கிடையாது. போலீஸ்ங்கிறது அரசியல் சட்டத்துல மாநிலப் பட்டியல். ஐ4சி எஃப்.ஐ.ஆர். போட முடியாது, யாரையும் தூக்க முடியாது, காசை எடுத்துக் குடுக்க முடியாது. ரயில்வேல சிக்னல் போடுறவன் மாதிரி அவன். வண்டி ஓட்டுறது ஸ்டேட்டு.

ராயபுரம்_ரவி

சரி அண்ணே ஒத்துக்கிறேன். அப்ப இதெல்லாம் இருந்தும் 2024ல மட்டும் ஜனங்க 22,845 கோடி இழந்தாங்கன்னு பார்லிமென்ட்லயே சொன்னாங்களே? அதுக்கு முந்துன வருசம் 7,465 கோடி. மூணு மடங்கு. ஒருங்கிணைஞ்சு கிழிச்சது இதானா?

செல்வி_கோவை

ரவிங்க, கேள்வி நியாயமானதுதானுங்க. அதே பதில்ல 2021லேர்ந்து வெளிய போகாம தடுத்தது 5,489 கோடிக்கு மேலன்னு சொல்லியிருந்தாங்க, 17.82 லட்சம் கம்ப்ளெயின்ட்ல. நாலு வருசத்துத் தடுப்பு ஒரே வருசத்து இழப்புல கால்வாசிதான் வருதுங்க. ஆனா இன்னொண்ணும் யோசிங்க, தடுத்ததுன்னா திருப்பிக் குடுத்ததுன்னு அர்த்தம் இல்லைங்க. மதுரைக்காரர் காசும் "தடுத்த" கணக்குலதான் இருக்கும், அவரு பெரியப்பா பாஸ்புக்குல இல்ல.

திருட்டு இங்க மட்டும் நடந்தா பரவாயில்லைங்க. 2024 முதல் நாலு மாசத்துல வந்த மோசடில 46 சதவீதம் கம்போடியா, மியான்மர், லாவோஸ் பக்கத்துலேர்ந்துன்னு ஐ4சியே சொல்லுச்சு. அங்க உக்காந்து போன் பண்றதுல நம்ம பசங்களும் நெறைய பேரு. டேட்டா என்ட்ரி வேலைன்னு ஏஜென்ட் கூட்டிட்டுப் போயி பாஸ்போர்ட்டைப் புடுங்கி வச்சுக்கிட்டு மிரட்டி செய்ய வைக்கிறாங்க, தமிழ்நாட்டுலேர்ந்து போயி மாட்டி மீண்டு வந்தவங்க பேட்டியெல்லாம் பாத்திருப்பீங்க. அங்க நம்ம இன்ஸ்பெக்டர் போயி என்ன பண்ணுவாரு?

அதனால இவங்க கைக்கு எட்டுறது இங்க இருக்கிற வாடகை அக்கவுண்ட்டுதானுங்க. எங்க தெருவுலயே ஒரு பையன், இன்ஜினியரிங் மூணாவது வருசம். ஃப்ரெண்டு ஒருத்தன் "உன் அக்கவுண்ட், ஏடிஎம் கார்டு, சிம் குடு, பத்தாயிரம் தர்றேன்"னு வாங்கிட்டுப் போயிருக்கான். பையன் பைக்குக்கு டயர் மாத்திக்கிட்டான். ரெண்டு மாசம் கழிச்சு வீட்டுக்கு போலீஸ் வந்துச்சு, அந்த அக்கவுண்ட்ல எட்டு ஸ்டேட்டு கம்ப்ளெயின்ட். அவங்கம்மா வாசல்லயே உக்காந்துட்டாங்க. 2024 டிசம்பர்ல நம்ம சைபர் கிரைம் விங் ஆபரேஷன் திரைநீக்குன்னு ஒரே வீச்சுல 76 பேரைப் புடிச்சுதே, அதுல நெறைய பேரு இந்த மாதிரி அக்கவுண்ட் குடுத்தவங்க, ஆள் புடிச்சுக் குடுத்த ஏஜென்ட்டுங்கதான்.

லாலாகடை_மணி

எல்லாரும் ஏமாந்தவன் காசைப் பத்தியே பேசுதிய. ஏமாத்தாம மாட்டுனவன் கதையையும் கொஞ்சம் கேளுங்க.

நான் திருநெல்வேலி பக்கம் அல்வாக் கடை வச்சிருக்கேன். தீவாளிக்கு ரெண்டு வாரம் முன்ன, காலைல சீனி மூட்டைக்கு பணம் அனுப்புதேன், போவ மாட்டேங்கு. பேங்குக்குப் போனா "அண்ணாச்சி உங்க அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆயிட்டு"ங்கான். ஏன்யான்னு கேட்டா, ஆயிரத்தி ஐநூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு ஊர் சைபர் ஸ்டேஷன்லேந்து வந்திருக்கு. வெவரம் தோண்டிப் பாத்தா, எவனோ ஒருத்தன் வந்து ஒண்ணரைக் கிலோ அல்வா வாங்கிட்டு க்யூஆர்ல 690 ரூவா போட்டிருக்கான். அந்த 690 திருட்டுப் பணத்துல நாலாவது கையோ அஞ்சாவது கையோ. அதுக்கு என் அக்கவுண்ட்ல இருந்த மூணு லட்சத்துப் பத்தாயிரமும் முடங்கிப் போச்சு. கறிக்கொழம்புல முடி கெடந்தா முடியை எடுத்துப் போடுவானா, சட்டிய ஒடைப்பானா?

அந்த ஸ்டேஷன் நம்பருக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்கான், எடுத்தாலும் இந்தி. என் மச்சினன் பட்டாளத்துல இருந்தவன், அவன் பேசுனான். "நேர்ல வா"ங்கான். 690 ரூவாய்க்கு நான் ரயிலேறிப் போவவா? அந்தத் தீவாளிக்கு சீனியும் நெய்யும் கடனுக்கு எடுத்துதான் அடுப்பு பத்த வச்சேன். உங்க ஒருங்கிணைப்பு ஒருங்கிணைப்புங்கியளே, முடக்கும்போது எல்லாம் ஒருங்கிணைஞ்சு அஞ்சு நிமிசத்துல முடக்குதான், விடுவிக்கும்போது ஒருத்தனுக்கொருத்தன் அட்ரசே இல்ல.

சட்டம்_படிச்சவன்

மணி அண்ணாச்சி கடைசில சொன்ன வரி இருக்கே, இந்த மொத்த விசயமும் அதுக்குள்ள இருக்கு.

ஹோல்ட் போடுறது கம்ப்யூட்டர்ல நடக்குது, அதுக்கு ஒரே சிஸ்டம். எடுக்கிறது பெரும்பாலும் கோர்ட்ல நடக்குது, அதுல அந்த வேகம் இல்ல. முடக்குற அதிகாரம் முன்னாடி சி.ஆர்.பி.சி. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 102, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். 106. அந்தப் பிரிவு படி சொத்தைக் கைப்பற்றுன போலீஸ் உடனே மாஜிஸ்திரேட்டுக்கு ரிப்போர்ட் பண்ணணும். நெறைய இடத்துல அது நடக்குறதே இல்ல, பேங்குக்கு மெயில் தட்டிட்டு அடுத்த ஃபைலுக்குப் போயிர்றாங்க.

கோர்ட்டுகளும் சும்மா இல்ல. சந்தேகப்படுற தொகை எவ்வளவோ அதை மட்டும் நிறுத்து, மொத்த அக்கவுண்ட்டையும் முடக்காதன்னு கேரளா ஹைகோர்ட் 2023லயே சொல்லிருச்சு. 2024ல நம்ம சென்னை ஹைகோர்ட்டும் இதையே சொல்லிச்சு, எவ்வளவு தொகை எவ்வளவு காலம்னு சொல்லாம முழுசா முடக்குறது ஒருத்தனோட தொழில் செய்யற உரிமையையே பறிக்கிறதுன்னு. அண்ணாச்சி, உங்களுக்கு வழி: பேங்குக்கு எழுத்து மூலமா "690க்கு மட்டும் லீன் வைங்க, மிச்சத்தை விடுங்க"ன்னு குடுங்க, கூடவே அன்னிக்கு பில்லு, ஜிஎஸ்டி சர்டிபிகேட். கேக்கலன்னா ஹைகோர்ட்ல ரிட் மனு.

மதுரைக்காரருக்கு: உங்க ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். போட்டாங்களான்னு மொதல்ல பாருங்க. 1930ல சொன்னது வெறும் கம்ப்ளெயின்ட்தான், எஃப்.ஐ.ஆர். இல்ல, இது தெரியாமத்தான் பாதிப் பேரு ஆறு மாசம் சும்மா உக்காந்திருக்காங்க. எஃப்.ஐ.ஆர். இருந்தா உங்க ஏரியா மாஜிஸ்திரேட் கோர்ட்ல பி.என்.எஸ்.எஸ். 503ல ஒரு பெட்டிசன். ஹோல்ட் ஆன பேங்க், அக்கவுண்ட் நம்பர், தொகை மூணையும் ஸ்டேஷன்ல வாங்கிக்கங்க. ஐ.ஓ. (கேசை விசாரிக்கிற அதிகாரி) ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தா பெரிய சண்டை இருக்காது. பாண்டு ஒண்ணு கேப்பாங்க.

ராயபுரம்_ரவி

இவ்ளோ சுத்தணுமா. பேசாம சென்டர்லயே ஒரு சைபர் போலீஸ் வச்சு நாடு பூரா அவனே கேஸ் போட்டு அவனே புடிச்சு அவனே காசையும் குடுக்கிற மாதிரி பண்ணா என்ன? என்.ஐ.ஏ. அப்படித்தான 2008ல மும்பை தாக்குதலுக்கு அப்புறம் கொண்டாந்தாங்க?

பழைய_ஏட்டு

என்.ஐ.ஏ. வருசத்துக்கு எத்தனை கேஸ் பாக்குது, சைபர்ல எத்தனை வருதுன்னு யோசிச்சுப் பாரு ரவி. 2024ல மட்டும் சைபர்கிரைம் புகார் போர்ட்டல்ல 36 லட்சத்துக்கு மேல பணமோசடி கம்ப்ளெயின்ட். இதுக்கு டெல்லிலேர்ந்து ஆள் அனுப்பணும்னா பட்டாளம்தான் வேணும். ஐ.டி. ஆக்ட் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 78 படி விசாரிக்கணும்னா இன்ஸ்பெக்டர் ரேங்க் வேணும், எஸ்.ஐ. பாக்க முடியாது. ஒரு ஸ்டேஷன்ல எத்தனை இன்ஸ்பெக்டர் இருப்பாங்க? அந்த ஒத்த வரிய மாத்துனாலே பாதி தேக்கம் கொறையும்னு சர்வீஸ்ல இருந்தப்பவே நாங்க பொலம்புவோம்.

செல்வி_கோவை

ரவிங்க, சென்டர் கைல மொத்தமா குடுத்தா அது வேற எதுக்கெல்லாம் பயன்படும்னும் ஒரு பயம் இருக்குங்கல்ல. ஸ்டேட்டுக்குள்ள வந்து விசாரிக்க சி.பி.ஐ.க்கு குடுத்த பொது சம்மதத்தை நம்ம ஸ்டேட்டே 2023 ஜூன்ல வாபஸ் வாங்கிச்சு. அதுல அரசியல் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா ஸ்டேட்டைத் தாண்டிப் போற ஒரே மாதிரி குற்றத்துக்கு என்ன பண்றதுங்கிற கேள்வியும் நிஜம்தானுங்க. 2025 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் டிஜிட்டல் அரெஸ்ட் கேசை மொதல்ல நாடு முழுக்க சி.பி.ஐ. பாக்கட்டும்னு சொல்லிச்சு, சம்மதம் குடுக்காத ஸ்டேட்டுங்களையும் குடுக்கச் சொல்லி. பெரிய முதலைங்களை அவங்க புடிக்கட்டும், அன்னாட கேஸை இங்கயே பாக்கட்டும்னு எனக்குத் தோணுது.

அப்புறம் எஃப்.ஐ.ஆர். விசயம். 2025 மே மாசம் டெல்லில ஈ-ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு ஆரம்பிச்சாங்க, 10 லட்சத்துக்கு மேலன்னா 1930 கம்ப்ளெயின்ட்டே தானா எஃப்.ஐ.ஆர். ஆயிரும், மூணு நாளுக்குள்ள ஸ்டேஷன்ல போயி கையெழுத்து போட்டாப் போதும்னு அப்ப சொன்னாங்க. நல்ல விசயம்தான். ஆனா 10 லட்சம் இல்லாதவன் 4,80,000 இழந்தா அது அவனுக்கு மொத்த ஆயுசுங்க.

கணக்குப்பிள்ளை

//10 லட்சம் இல்லாதவன்//

நூத்துக்கு நூறு.

பேங்க் மேலயும் தப்பு இருக்குன்னு ஒத்துக்கிறேன். டிக்கெட் ராத்திரி 11க்கு வரும், டெஸ்க்ல ஒரே ஒரு பையன் இருப்பான். அக்கவுண்ட் ஓபன் பண்ண டார்கெட் குடுக்குறான், அந்த டார்கெட்டுலதான் வாடகை அக்கவுண்ட்டும் உள்ள வருது. கூலி வேலை பாக்குறவர் பேர்ல கரண்ட் அக்கவுண்ட், ஒரே நாள்ல 40 லட்சம் உள்ள வந்து வெளிய போகுது, ஒரு அலாரமும் அடிக்கல. இப்ப சஸ்பெக்ட் ரிஜிஸ்ட்ரின்னு ஐ4சி ஒரு பட்டியல் பேங்குக்குக் குடுக்குது, ஏற்கனவே மாட்டுன ஆளு மறுபடி வேற பேங்க்ல அக்கவுண்ட் ஓபன் பண்ண வந்தா தெரிஞ்சிரும். அதை ஒழுங்கா பாத்தாலே போதும்.

மதுரைக்காரன்82

அப்டேட். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, முக்கியமா சட்டம்_படிச்சவன் சாருக்கு.

நீங்க சொன்ன மாதிரியே, எஃப்.ஐ.ஆர். போடவே இல்ல! சி.எஸ்.ஆர். (ஸ்டேஷன்ல குடுக்கிற புகார் ரசீது) கூட இல்ல. போய்க் கேட்டதும் ரெண்டு நாள்ல போட்டுட்டாங்க, கேக்கலன்னா அப்படியே கெடந்திருக்கும். பெட்டிசன் போட்டு அஞ்சு வாரத்துல ஆர்டர் வந்துச்சு. ஒரு பேங்க் 96,400 அனுப்பிருச்சு, பெரியப்பா அக்கவுண்ட்ல ஏறிருச்சு. இன்னொரு பேங்க் 41,000க்கு "ஆர்டர் எங்க லீகல் டிபார்ட்மென்ட்ல இருக்கு"ன்னு மூணு வாரமா ஒரே பதில். மிச்சம் 3,42,600 எங்க போச்சுன்னு அந்த ஏழாவது லேயருக்குத்தான் தெரியும்.

பெரியப்பா இப்பல்லாம் தெரியாத நம்பர் எதையும் எடுக்கிறதில்ல. நேத்து பேங்க்லேர்ந்து நெஜமாவே கூப்பிட்டிருக்காங்க இந்த 41,000 விசயமா, "டேய் நான் உங்களை மாதிரி நூறு பேரைப் பாத்துட்டேன்"னு சொல்லி வச்சுட்டாரு. அதுக்கு வேற நான் போய் சமாதானம் சொல்லிட்டு வரணும்.

லாலாகடை_மணி

சிரிச்சு முடியல தம்பி 😂 எனக்கும் 690 போக மிச்சம் தொறந்துட்டு. பில்லுப் புக்கைக் கொண்டு போய் மேனேஜர் மேஜைல வச்சேன், ஹைகோர்ட்டு சொன்னதையும் சொன்னேன், பத்து நாள்ல விட்டுட்டான். அந்த 690 இன்னும் லீன்லதான் கெடக்கு, கெடந்துட்டுப் போட்டும்.

புதுசு_1107

அண்ணா இப்பதான் இந்த இழையைப் பாத்தேன். எங்க அக்காவுக்கு பார்ட் டைம் வேலைன்னு சொல்லி டெலிகிராம்ல 49,000 வாங்கிட்டாங்க. அவங்க பொருள் விக்கிற சைட்டு லிங்க் இருக்கு, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் இருக்கு. வக்கீல் வைக்கணுமா, எந்த கோர்ட்டுக்குப் போகணும்?

கணக்குப்பிள்ளை

எப்ப போச்சு?

புதுசு_1107

ஒரு முக்கால் மணி நேரம் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

யோவ் கோர்ட்டெல்லாம் அப்புறம்! இதை மூடிட்டு 1930 அடி, லைன் கிடைக்கலன்னா சைபர்கிரைம் போர்ட்டல்ல போடு. யூடிஆர் நம்பரை பக்கத்துல எடுத்து வச்சுக்க.

புதுசு_1107

அக்கா அடிக்கிறாங்க. லைன்ல ஹிந்தில ஏதோ பாட்டு ஓடுது.

பழைய_ஏட்டு

வச்சுராதீங்க, வெயிட் பண்ணுங்க. எடுப்பாங்க.